பென்சில் கோடு

"பெண்பிள்ளைக்கு இத்தனை தொலைவில் என்ன படிப்பு?" நான் இப்பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேரப் புறப்பட்டபோது என் தந்தையார் கேட்ட கேள்வி இது. கேட்டவரே நிலையத்துக்கு வந்து என்னை இரயிலேற்றியும் விட்டார். இவ்விரண்டில் எது அவருடைய உள்ளம் என்பது எனக்கு நெடுநாள் அவிழாத முடிச்சு. சார்லஸ் டார்வின் தம் மகளுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தபோது அம்முடிச்சு சற்றே தளர்ந்தது.

டார்வின் எழுதியவையும் பெற்றவையுமான கடிதங்கள் 30 தொகுதிகளாக வெளிவந்து 2023இல் நிறைவெய்தின. உயிரியல் மாணவியாகிய நான் அவற்றில் தேடிச் சென்றது கொள்கை விளக்கம். கண்டதோ ஒரு குடும்பம். மகள் ஹென்ரியட்டா 1843இல் பிறந்தவர். வீட்டில் 'எட்டி' என்று அழைப்பார்கள். அவர் இளமையில் இங்கிலாந்தின் எந்தப் பல்கலைக்கழகமும் பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகம் அதற்கு வழி திறந்ததே 1878இல்தான்.

1870ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹென்ரியட்டா பிரான்சின் தென்கரையிலுள்ள கான் நகரில் தங்கியிருந்தார். அப்போது தாம் எழுதிவந்த 'மனிதனின் தோற்றம்' என்னும் நூலின் பகுதியை டார்வின் அவருக்கு அனுப்பிவைத்தார். முதல் முறை கையில் பென்சில் இல்லாமல் முழுதும் படித்துவிடு, திருத்தமெல்லாம் பிறகு என்பது அவர் வேண்டுகோள். சில இடங்கள் பாதிரியார் பிரசங்கம் போல் ஆகிவிட்டனவோ என்ற தம் அச்சத்தையும் அவர் மறைக்கவில்லை. உலகப் புகழ் பெற்ற அறுபது வயது அறிஞர், 26 வயது மகளிடம் இப்படிக் கேட்கிறார்!

நூல் 1871 பிப்ரவரியில் வெளிவந்தது. அடுத்த திங்களே அவர் மகளுக்கு நன்றி எழுதினார். மதிப்புரைகள் நூலின் தெளிந்த நடையைப் புகழ்கின்றன. அப்புகழில் பெரும்பங்கு உனக்குரியது. நடையில் மட்டுமன்று, வாதங்களிலும் நீ உதவினாய் என்று ஒப்புக்கொண்டார். நினைவுப் பரிசு ஒன்றும் தர விரும்பினார்.

ஆனால், தோழர்களே, அந்நூல் சொல்வது என்ன? எத்துறையை மேற்கொண்டாலும் ஆணே பெண்ணைவிட உயர்ந்த நிலையை எய்துகிறான் என்கிறது. அம்முடிவைத் தாங்கிய நூலைச் செப்பம் செய்ததோ ஒரு பெண்ணின் பென்சில்! சிறு மண்புழுவையும் பொறுமையோடு கவனித்த பேரறிஞர், தம் வீட்டிலேயே இருந்த சான்றைக் கணக்கில் கொள்ளவில்லை. அதைப் படித்தபோது எனக்குச் சினம் மூண்டது. அது இன்னும் தணியவில்லை. ஆயினும் ஒன்று சொல்வேன்: நூலில் பேசும் ஆசிரியரைவிடக் கடிதத்தில் பேசும் தந்தை உண்மைக்கு அருகில் நிற்கிறார்.

சென்ற மாதம் என் தந்தையார் தொலைபேசியில், "நீ என்னதான் ஆராய்கிறாய்? எனக்கு விளங்கும்படி தமிழில் எழுதி அனுப்பு" என்றார். நான்கு பக்கம் எழுதி அஞ்சலில் சேர்த்தேன். பத்து நாளில் அத்தாள்கள் திரும்பி வந்தன. மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியின் கீழே பென்சில் கோடு. ஓரத்தில், "இது விளங்கவில்லை, அம்மா" என்ற குறிப்பு.

அவ்வரியைப் பலமுறை படித்துப் பார்த்தேன். மெய்யாகவே அது எனக்கும் விளங்கியிருக்கவில்லை. அதைத்தான் இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.