கிணற்றுக்குள் இறங்கிப் போனவள்

எங்கள் பக்கம் பெண்ணையும் கிணற்றையும் சேர்த்துச் சொன்னால் கதை நல்லபடியாக முடியாது. கரிசல் காட்டுக் கிணறுகள் ஆழமானவை. விழுந்தாளா, விழவைக்கப்பட்டாளா என்று யாரும் கடைசிவரை கேட்பதில்லை. கல்யாணம் ஆகாதவள் என்றால் ஓலைப்பெட்டியில் பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல் வைத்துக் கன்னிச்சாமி என்று கும்பிடுவார்கள். உயிரோடு இருந்தபோது கிடைக்காத புதுத்துணி செத்த பிறகு வருஷா வருஷம் கிடைக்கும்.

அதனால்தான், கிணற்றுக்குள் போய்விட்டுத் திரும்பி வருகிற ஒருத்தியைப் பற்றி என் அக்கா மகள் சொன்னபோது உட்கார்ந்து கேட்டேன். தாயில்பட்டியில் அக்கா வீட்டுத் திண்ணையில் கைபேசியை வைத்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தது 'இனுயாஷா' என்ற ஜப்பானிய அனிமே. ஜப்பானியப் பேச்சு, ஆங்கில வசன வரிகள். பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தைவிட இதில்தான் அதிகம் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள்.

ககோமே தோக்கியோவில் ஒரு கோயில் வீட்டில் வாழும் பள்ளி மாணவி. பதினைந்தாவது பிறந்தநாளன்று, அந்த வீட்டின் பழைய கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பூரான் பேய் வந்து அவளை இழுத்துக்கொண்டு போகிறது. மேலே ஏறி வந்தால் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஜப்பான். போர்களும் பேய்களும் நிறைந்த காலம். அங்கே ஐம்பது வருஷமாக மரத்தோடு அம்பால் அறையப்பட்டுக் கிடக்கிறான் இனுயாஷா. அப்பா நாய்ப் பேய், அம்மா மனுஷி. அந்த அம்பைப் பிடுங்கி அவனை விடுவிப்பவள் ககோமேதான். கதைக்கு அவன் பெயர். காலத்தைக் கடப்பது அவள்.

இதைப் படைத்தவர் ருமிகோ தகாஹாஷி, 1957இல் பிறந்த பெண். 1996 முதல் 2008 வரை, பையன்களுக்கான வார இதழ் ஒன்றில் தொடராக வரைந்தார். தொகுப்பாக 56 நூல்கள். 2000இல் அனிமே தொடங்கியது. 2019இல் பிரான்சின் அங்குலேம் விழா அவருக்குத் தன் உயரிய பரிசை அளித்தது. பையன்களுக்கான பத்திரிகையில் பையன் பெயரைத் தலைப்பில் வைத்துவிட்டு, உள்ளே ஒரு பெண்ணின் பயணத்தை எழுதியிருக்கிறார்.

கதையில் எல்லோரும் துரத்துவது ஒரு மணியை. மிதோரிகோ என்ற பெண் பூசாரி பேய்களோடு போரிட்டு மடிந்தபோது அவள் நெஞ்சிலிருந்து வெளிவந்தது அது. அதைக் காத்தவள் கிக்கியோ, இன்னொரு பெண். தீயில் வெந்து குகையில் கிடந்த கொள்ளைக்காரன் ஒருவனுக்கு அவள் பணிவிடை செய்கிறாள். அவனோ அவளையே அடைய ஆசைப்பட்டு, தன் உடம்பைப் பேய்களுக்குத் தின்னக் கொடுக்கிறான். அதில் பிறப்பவன்தான் கதையின் பெரும் பகைவன் நராகு. பெண் காட்டிய பரிவைத் தனக்கான உரிமை என்று நினைத்த ஒருவனிடமிருந்து அத்தனை நாசமும் தொடங்குகிறது. வகுப்பறையில் இதை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும். என் அக்கா மகள், "அவ பாவம்னு கஞ்சி ஊத்துனா, இவன் அவளே வேணும்ங்கான் சித்தி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்பார்கள். நேரு வைத்த பெயர் என்று ஊரில் பெருமையாகச் சொல்வதுண்டு. 1990இல் சலம் பென்னுர்கர் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. அதில் வருகிற பிள்ளைகள் என் அக்காவின் வயதுப் பிள்ளைகள். விடியுமுன் ஊருக்குள் பஸ் வரும். தூக்கக் கலக்கத்தில் அக்கா தூக்குச்சட்டியோடு ஏறுவாள். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்க வேண்டும். அபாயகரமான வேலைகளில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்ற சட்டம் 1986இலேயே வந்துவிட்டது. பஸ் அதற்குப் பிறகும் வந்தது. அவள் ஐந்தாவதோடு நின்றாள். அவள் சம்பளத்தில் எனக்கு நோட்டு வாங்கினார்கள். நான் முனைவர் பட்டம் வரை போனேன். ஒரே பாயில் படுத்து எழுந்த இரண்டு பேர் இரண்டு காலங்களுக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்குக் கிடைத்த வழி அவளுக்கு அடைத்துக் கிடந்தது.

அக்கா பிறகு வெடி ஆபீஸுக்கு மாறிச் சரம் பின்னினாள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. காற்றுக்கு அது நல்லதுதான். பின்னுகிற விரல்களுக்கு வேறு வேலை என்ன என்பதை யாரும் தாயில்பட்டிக்கு வந்து சொல்லவில்லை. அவளுக்கு வேலை நாட்கள் குறைந்தன. அதனால், மகள் பத்தாவது முடித்ததும், "போதும், வீட்ல இருந்து குழாய் உருட்டட்டும், தம்பியப் பாத்துக்கிடட்டும்" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். ஆபீஸுக்கு அனுப்பினால்தான் சட்டம் கேட்கும். வீட்டுக்குள் உருட்டினால் அது வெறும் வீட்டு வேலை.

பதினைந்து வயது இங்கே என்ன வயது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ககோமேயிடம் அவளுக்குப் பிடித்தது வில்லோ அம்போ இல்லை. பேய்களோடு சண்டை நடக்கும்போதே, "எனக்குப் பரீட்சை இருக்கு" என்று கிணற்றில் குதித்து வீட்டுக்கு வந்துவிடுவது. பாடப் புத்தகத்தையும் சைக்கிளையும் அந்தக் காலத்துக்கே கொண்டுபோவது.

எனக்கு ஒரு கோபம் இருந்தது. மணியே இல்லாமல் போகட்டும் என்று ககோமே வேண்டிக்கொண்ட பிறகு கிணறு அடைபட்டுவிடுகிறது. மூன்று வருஷம் கழித்து அது திறக்கும்போது, தன் காலத்தை விட்டுவிட்டு இனுயாஷாவிடம் போய்ச் சேர்கிறாள். இத்தனை தூரம் வந்து கடைசியில் கல்யாணம்தானா என்று கேட்டேன். "பன்னெண்டாவது முடிச்சிட்டுத்தான போறா? யாரும் தள்ளி விடலயே. அவளாத்தான போறா" என்றாள். என் கேள்வி முழுதும் தீரவில்லை. ஆனாலும் விழுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

எங்கள் பேச்சைக் கேட்டபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவ பாட்டுக்குப் போறா, வாரா. அவளப் பெத்தவ தேட மாட்டாளா?"

தேடுவாள். ஆனாலும் அனுப்புவாள். மகள் வரும்போது சோறு போட்டு, போகும்போது பையை நிறைத்துக் கொடுப்பாள். கடைசிப் பயணத்திலும் கிணற்றங்கரையில் பக்கத்தில் வந்து நிற்கிறாள், தடுக்கவில்லை. இவ்வளவும் செய்கிறவளுக்குக் கதை முழுக்கப் பெயரே கிடையாது. வெறும் அம்மா.

"பேரு வைக்காம விட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு அக்கா அடுப்படிக்குப் போனாள்.

நானும் பணம் போடுகிறேன் என்றேன். அது மட்டுமே அவளை மாற்றியது என்று நினைக்கவில்லை. மூன்று இரவு யோசித்தாள், கணக்குப் பார்த்தாள், மகளோடு சண்டை போட்டாள். ஜூனில் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க அவளே கூட்டிக்கொண்டு போனாள். விண்ணப்பத்தில் தாய் பெயர் என்ற இடத்தை மகள் நிரப்பப் போனபோது பேனாவை வாங்கிக்கொண்டாளாம். ஐந்தாவதோடு நின்ற கையெழுத்து. எழுத்துக் கூட்டி, முழுப் பெயரையும் தானே எழுதியிருக்கிறாள்.