முதல் சுற்று

2020 பிப்ரவரியில் ஒருநாள், கோவில்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டே, "பைடன் கதை முடிஞ்சது" என்றேன். அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரை மாநிலம் மாநிலமாகத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கும். முதலில் வந்த அயோவாவில் அவருக்கு நான்காம் இடம். அடுத்த நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம்.

பக்கத்து வீட்டுச் சம்சாரி சிரித்தார். "முத மழைக்கே வெள்ளாமைக் கணக்கு எழுதிட்டீகளே, அண்ணாச்சி!"

பிப்ரவரி 29இல் தென் கரோலினாவில் பைடன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். மார்ச் 3இல் 14 மாநிலங்களில் 10 அவருக்கு.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஓட்டு எண்ணும் வேலை பார்த்த குமாஸ்தா நான். ஒரு சுற்றுக்கு 14 மேஜை. முதல் சுற்று என்றால் முதல் 14 சாவடிகள்தான். அவை எந்த ஊர்ச் சாவடிகள் என்று பார்க்காமல் வெளியே வேட்டுப் போடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவன், அயோவாவில் அதையே செய்தேன். அந்த இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து 65 பிரதிநிதிகள், மொத்தமோ 3,979. இரண்டிலும் வெள்ளையர்களே அதிகம். பைடனின் பலம் கறுப்பின வாக்காளர்கள்.

முதல் முடிவு ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. தோற்றவருக்கு நன்கொடை வற்றிவிடும். துளசேந்திரபுரத்துப் பூர்வீகமுள்ள கமலா ஹாரிஸ், பணம் போதாமல் முதல் போட்டிக்கு முன்பே, 2019 டிசம்பரில் விலகினார். ஆனால் 2021 ஜனவரியில் அவரே துணை ஜனாதிபதி!

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுத் தேர்தலையும் கவனிப்பேன். அங்கே ஜனாதிபதி தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவருக்கு மட்டுமே இரண்டாம் சுற்று. 2002இல் பிரதமர் ஜோஸ்பேன் மூன்றாவதாக வந்து, முதல் சுற்றோடு வெளியேறினார். ஆகவே எத்தனை ஓட்டு, யாருடைய ஓட்டு, விதி என்ன என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

இதை நான் முப்பது வருஷம் முன்பே உணர்ந்திருக்கலாம். என் மகன் டிப்ளமா முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர் கோட்டை விட்டான். "உனக்குப் படிப்பு வராது" என்று நிறுத்தி, ஒரு கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். மறுபடி எழுதினால் பாஸாகலாம் என்பதுதான் விதி. அவன் கேட்டும் பார்த்தான், நான் விடவில்லை. இன்றுவரை அவன் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் உறுத்துகிறது.

போன மாதம் பேரனுக்குக் காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைவு. பயந்துகொண்டே பேப்பரை நீட்டினான்.

"இது முதல் சுற்றுதாம்ல" என்றேன். மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.