வீட்டுக் குறிப்பின் இலக்கணம்

ஜனரஞ்சகப் பத்திரிகைகளை நம்மவர்கள் திட்டித் தீர்த்ததில் ஒரு பகுதி மட்டும் தப்பிவிட்டது. தொடர்கதை, ஜோக், அட்டைப்படம் எல்லாவற்றையும் திட்டியாயிற்று. பக்கத்தின் அடியில் மிஞ்சும் இடத்தை அடைக்கப் போடுகிற வீட்டுக் குறிப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். நல்ல குறிப்பில் உபரி வார்த்தை கிடையாது. அரிசியில் காய்ந்த வேப்பிலை போட்டு வைக்கவும், வண்டு அண்டாது. காரியம், பலன், அவ்வளவுதான். எழுதியவர் தன்னை எங்கும் முன்னிறுத்திக்கொள்வதில்லை. புதுக்கவிதை எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த அடக்கம் வாய்க்கவில்லை.

ஆனால் குறிப்பின் இலக்கணத்தில் ஒரு விசேஷம் உண்டு. போடவும், கழுவவும், அடைக்கவும் என்று வியங்கோளின் இடத்தில் இன்று வந்து உட்கார்ந்திருக்கும் இந்த '-வும்' யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று சொல்வதில்லை. கேட்பவன் நான்கு சுவர்களுக்குள் தனியாக இருக்கிறான் என்பது அதன் ஊகம். அடுத்த வீடு அந்த வாக்கியத்தில் இல்லை. அரிசிக்கு இது போதும். மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயில் கீழே இறங்குவது குறையும் என்பதற்கும் போதும். கரையானுக்கு வந்தால் தகராறு ஆரம்பிக்கிறது. சுவரில் ஏறும் மண்தாரையைச் சுரண்டி மருந்து அடித்துவிடலாம், புற்று மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தால்? தண்ணீருக்கு வந்தால் இந்த இலக்கணம் முழுக்கவே பொய்யாகிவிடுகிறது.

நாங்கள் இருப்பது பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஒரு பழைய மனைப்பிரிவில். பதினெட்டு வீடுகள். அடியில் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் பலகை இந்தப் பக்கத்துக் கல்தான் என்று கண்டு, ஹாலந்து என்ற புவியியலாளர் 1893இல் அதற்கு சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாவில் செத்த வெள்ளைக்காரன் பெயர். இதில் வேறொரு கட்டுரை இருக்கிறது, இப்போது வேண்டாம். நமக்கு வேண்டியது, பாறைக்கு மேலே சிதைந்த கல்லும் மண்ணுமாக இருக்கும் அடுக்கு. திறந்த கிணறுகள் குடிப்பது அதிலிருந்து. அதைத் தொட்டி என்று நினைக்கக் கூடாது. பதினெட்டு வீட்டுக்கும் சேர்த்து விரித்த ஒரு ஈரத்துணி என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் கிணறு முப்பத்து நாலு அடி. அப்பா அடிக்கு ஒரு முடிச்சாகக் கயிற்றில் போட்டு, மாதம் ஒருமுறை இறக்கிப் பார்த்து, நாள்காட்டியில் குறித்து வைப்பார். 2003இல் ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். தெருவில் பலர் மாடியிலிருந்து ஒரு குழாயை இறக்கி மண்ணில் செருகி, பார்க்க வந்தவருக்குக் காட்டிவிட்டு மறந்தார்கள். பிற்பாடு வங்கியில் வீட்டுக் கடன் கோப்புகளைப் புரட்டுகிற வேலை வந்தபோது அந்த மறதியின் வரைபடம் எனக்குப் பழக்கமாயிற்று. ஒவ்வொரு வரைபடத்திலும் ஒரு மூலையில் சின்ன வட்டம், பக்கத்தில் ஆர்.டபிள்யூ.ஹெச். என்று மூன்றெழுத்து. வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் கார் நிற்கும்.

அப்பா வட்டத்தை நிஜமாகவே தோண்டினார். மாடிக் குழாய் நேரே கிணற்றுக்குள் போகாது. நடுவில் ஒரு வடிகட்டித் தொட்டி. அடியில் கூழாங்கல், மேலே சின்ன ஜல்லி, அதற்குமேல் நைலான் வலை விரித்துப் பெருமணல். முதல் மழை மாடியைக் கழுவட்டும் என்று அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, இரண்டாவது மழையிலிருந்து வாயைத் திறப்பது. மாடித் தண்ணீர் மட்டும் போதாது. முற்றத்தில் விழுவது கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடும். அதனால் கேட்டுக்கு உட்புறம் குறுக்கே ஒரு சின்னக் கால்வாய், மேலே துளையிட்ட பலகை, அங்கிருந்து உறை இறக்கிய ஒரு குழிக்குள். கழிவுத் தொட்டியிலிருந்து இவை எட்ட இருக்க வேண்டும், சோப்புத் தண்ணீர் சேரக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன்னால் மணலை வெளியே எடுத்து அலசிக் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் பாசி பிடித்து இறுகித் தண்ணீர் இறங்காது. அவ்வளவுதான் தொழில்நுட்பம். கொத்தனார் ஒருவரும் சித்தாள் ஒருவரும் இரண்டே நாளில் முடித்தார்கள்.

கணக்கு இன்னும் எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி 93 சதுர மீட்டர். சென்னையில் சராசரியாக வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டர் மிஞ்சும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசாங்க அளவில், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு அது ஆறு மாதத் தண்ணீர்.

இது வரை வீட்டுக் குறிப்பு சரி. இதற்குமேல் அதனால் பேச முடியாது. ஏனென்றால் நான் இறக்கும் ஒரு லட்சம் லிட்டர் என் கிணற்றில் உட்கார்ந்திருப்பதில்லை. மண்ணுக்குள் மதில் இல்லை. இறக்காதவர் கிணற்றிலும் அது ஊறும், இறைப்பவர் மோட்டார் பக்கம் சாயும்.

2015 டிசம்பர் முதல் தேதியிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. தெருவில் முழங்காலளவு தண்ணீர், கிணறு தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. கையால் மொண்டோம். அதற்கு மூன்றரை வருஷம் கழித்து, 2019 ஜூனில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் அநேகமாக வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. ஐம்பது வாகன்கள், 25 லட்சம் லிட்டர். செய்தியைப் படித்த இரவு நான் பென்சிலால் போட்ட கணக்கு: எங்கள் தெருவின் பதினெட்டு மாடிகளோடு பக்கத்துத் தெருவில் ஏழு மாடிகளைச் சேர்த்தால் வருஷத்துக்கு ஒரு ரயில்.

எங்கள் கயிறு அந்த மாதம் ஈரமாகாமலே மேலே வந்தது. தெருக்கோடி வீட்டில் மட்டும் ஆழ்துளைக் கிணறு வற்றவில்லை. அதன் மோட்டார் ஓடும் நாட்களில் சுற்றியிருந்த கிணறுகளில் மட்டம் இறங்குவதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். இரவு பதினொரு மணிக்குமேல் அந்த வீட்டு வாசலில் டாங்கர் லாரி நிற்கும். குழாயைத் தூக்கிப் போடுகிற சத்தத்தில் தெரு விழிக்கும், யாரும் வெளியே வரமாட்டார்கள்.

சங்கம் கூடியது. வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வந்து, தன் மண்ணுக்கு அடியில் இருப்பது தன் தண்ணீர் என்றார். அவர் சொன்னது வெறும் திமிரல்ல, சட்டம். 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம், ஏழாம் பிரிவு: நிலத்துக்கு அடியில், வரையறுத்த தாரையில் ஓடாத தண்ணீரைத் தன் எல்லைக்குள் சேகரிக்கவும் செலவழிக்கவும் நிலத்துச் சொந்தக்காரனுக்கு உரிமை உண்டு. அதுவும் பிரிவின் வாசகத்தில் இல்லை, அதற்குக் கொடுத்த உதாரணத்தில் இருக்கிறது. ஒரு உதாரணம் இத்தனை வருஷம் ஆட்சி செய்வதை வேறெங்கும் நான் கண்டதில்லை. நிலத்தடி நீரை எடுத்து விற்பதை ஒழுங்குபடுத்தச் சென்னைப் பெருநகருக்கென்று 1987இல் தனிச் சட்டம் வந்தது என்று நான் சொன்னேன். மனு எழுதலாம் என்றார்கள். யார் கையெழுத்துப் போடுவது என்ற இடத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

திரும்பிய பக்கம் குடித்தனக்காரர்கள். லாரியை நிறுத்த முடியாத கூட்டம் தீர்மானம் ஒன்று போட்டது: குடித்தனம் உள்ள வீடுகளில் மாடிக்கு அரைமணி நேரம்தான் மோட்டார், மேற்கொண்டு வேண்டுமானால் அவர்களே லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் சங்கத்தின் பெயர் 'குடியிருப்போர் நலச் சங்கம்'. விதிப்படி வீட்டுச் சொந்தக்காரர் மட்டும் உறுப்பினராகலாம். குடியிருப்போர் என்றால் குடியிருப்போர் அல்ல. இந்தத் திரிபை எந்த இலக்கணத்தில் சேர்ப்பது என்று இன்னும் யோசிக்கிறேன்.

எங்கள் மாடியில் அந்தத் தீர்மானம் நடக்கவில்லை, அம்மா சம்மதிக்கவில்லை. ஆனால் செய்தி மாடிக்குப் போய்விட்டிருந்தது. தையல் வேலை செய்கிற அந்த அக்கா மறுநாள் படியில் நின்று கேட்டார்:

"நாங்க குடிக்கிறது வேற தண்ணியா தம்பி?"

எத்தனையோ வருஷமாக அவர் வாயில் வந்தது 'நம்ம கிணறு'. அன்றுதான் 'நாங்க' வந்தது. கேட்பவனையும் சேர்த்துக்கொள்வது நாம். அவனை வெளியே நிறுத்துவது நாங்கள். கல்லூரியில் மூன்று வருஷம் படித்த ஆங்கிலத்துக்கு இந்த வேற்றுமை தெரியாது, இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதான். தமிழில் வாயைத் திறந்த உடனே யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிந்துவிடுகிறது. நழுவ இடமில்லை.

செப்டம்பரில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. லாரி வருவது நின்றது, சங்கத்தால் அல்ல. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகட்டிகளைச் சுத்தம் செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ் எழுதித்தரும்படி செயலாளர் கேட்டார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பொறுமைசாலி. நான் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். மணலை எப்போது அலசுவது, கேட்டுக் கால்வாயில் எதைச் சேரவிடக் கூடாது, கார் நிறுத்தும் இடத்தில் ஒட்டிய டைல்ஸில் இரண்டு முழமாவது பெயர்த்து மண்ணைத் திறப்பது, மாதம் ஒருமுறை எல்லாக் கிணற்றிலும் கயிறு இறக்கி மட்டத்தைத் தெருமுனைப் பலகையில் எழுதுவது, எந்த மட்டத்துக்குக் கீழே போனால் யாரும், ஒருவரும், வெளியே விற்கக் கூடாது என்பது. 'நாம்' என்று தொடங்கி 'நம்' என்று முடித்திருந்தேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"நாம்னு போட்டா குடித்தனக்காரங்களும் வந்துடுவாங்களே சார்."

"வரணும்னுதான் சார் போட்டேன்."

"சரி. அப்ப நாளைக்கு அவங்க மீட்டிங்குக்கும் வருவாங்க. கடைசி வீட்டுக்காரர் சந்தாவை நிறுத்திடுவாரு. அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் நிறுத்துவாங்க." கொஞ்சம் யோசித்து, "நாங்கள்னு போட்டாலும் தப்பாத்தான் படும்," என்றார்.

என் கட்டுரைகளுக்கு வாய்த்த மதிப்புரையாளர்களில் ஒருவர்கூட இவ்வளவு நுட்பமாக ஒரு பிரதிப்பெயரைப் படித்ததில்லை. மறுநாள் நோட்டீஸ் அச்சாகி வந்தது. விற்பனை பற்றிய வரியும் பலகை பற்றிய வரியும் இல்லை. நாம், நாங்கள் இரண்டும் இல்லை. மணலை அலசவும். கால்வாயைத் தூர் வாரவும். முதல் மழையை வெளியே விடவும். ஆறு வாக்கியம், ஆறு '-வும்'. பத்திரிகைப் பக்கத்தின் அடியில் போட்டிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

நோட்டீஸ் மாடிக்கும் ஒன்று போயிற்று. பையன் கேட்டில் செருகிய கட்டிலிருந்து அந்த அக்கா எடுத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்து வரும்போது வடிகட்டித் தொட்டியின் மூடி திறந்திருந்தது. மணலைச் சாக்கில் கொட்டிப் பரப்பிவிட்டு, கூழாங்கற்களை ஒரு பழைய அன்னக்கூடையில் போட்டு அலசிக்கொண்டிருந்தார். நைலான் வலை ஓரத்தில் கிழிந்திருக்கிறது, வேறு வாங்க வேண்டும் என்றார். வாங்கிவந்தேன். நவம்பர் கடைசியில் கயிற்றில் பத்தொன்பது முடிச்சு நனைந்தது.