பார்த்துத் தடுக்க முடியாத அடி

சிங்கப்பெருமாள் கோவிலில் நான் குடியிருக்கும் மாடி வீட்டின் ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தமும் ஜிஎஸ்டி சாலையின் சத்தமும் சேர்ந்தே உள்ளே வரும். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால்தான் இரண்டும் அடங்கும். ஒரகடம் பக்கம் செகண்ட் ஷிஃப்ட் முடிந்தவர்களைக் கம்பெனி பஸ்கள் இறக்கிவிட்டுப் போகும் நேரம் அது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு அது நான் தோற்கும் நேரமாகவும் ஆனது. டெக்கென் 8 அதற்கு முந்தைய மாதம்தான் வெளியாகியிருந்தது. முதல் வாரம் ஆன்லைனில் நாற்பது ஆட்டம் ஆடினேன். மூன்றில் ஜெயித்தேன். அதில் ஒன்று எதிராளியின் இணைப்பு அறுந்ததால் கிடைத்தது.

எனக்கு இது அவமானமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. என் வயதுக்காரர்களில் டெக்கென் 3 ஆடாதவர்கள் குறைவு. பிரவுசிங் சென்டர்களிலும் ஹாஸ்டல் அறைகளிலும் ஒரே கீபோர்டில் இரண்டு பேர் முட்டிக்கொண்டு ஆடிய ஆட்டம் அது. எடி கோர்டோவை எடுத்துக்கொண்டு கண்ணை மூடி பட்டன்களைத் தட்டினாலே எதிரில் இருப்பவன் விழுவான். எங்கள் பிளாக்கில் நான் சாம்பியன். பதினைந்து வருடம் கழித்து வந்து உட்கார்ந்தபோது, நான் சாம்பியனாக இருந்தது வேறு ஏதோ ஒரு ஆட்டத்தில் என்று புரிந்தது.

சண்டை ஆட்டங்கள் ஏன் இவ்வளவு கடினம்? தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவை விநாடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகின்றன. டெக்கெனில் மிக வேகமான சாதாரணக் குத்து 10 ஃபிரேமில் வந்து விழும். அதாவது விநாடியில் ஆறில் ஒரு பங்கு. கண் ஒன்றைப் பார்த்து விரல் அசைவதற்கு நம்மில் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய கால் விநாடி, 15 ஃபிரேம் ஆகும். ஆக, அந்தக் குத்தைப் பார்த்துத் தடுக்க மனிதனால் முடியாது. அது வரும் என்று முன்பே நினைத்திருக்க வேண்டும். நின்றபடி தடுத்தால் கீழடி விழும். குந்தித் தடுத்தால் நடு அடி விழும். இரண்டையும் ஒரே நேரத்தில் தடுக்க வழியே கிடையாது. அடிப்பதற்கும் இதே கெடுபிடிதான். கசுயாவின் புகழ்பெற்ற மின்னல் குத்துக்கு ஸ்டிக்கின் கடைசி அசைவும் பட்டனும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும். ஒரு ஃபிரேம் பிந்தினால் மின்னல் இல்லாத சாதாரணக் குத்துதான் வரும். அதைத் தடுத்தவன் திருப்பி அடிப்பான்.

நான் இன்ஜினியர். கஷ்டம் என்று தெரிந்ததும் எக்செல் திறந்தேன். ஆட்டம் வெளியானபோது 32 பாத்திரங்கள்; ஆளுக்கு நூறு அசைவுகள் என்றாலும் மூவாயிரத்தைத் தாண்டும். எது எத்தனை ஃபிரேமில் வருகிறது, தடுத்தால் எதிராளி எத்தனை ஃபிரேம் தாமதமாகிறான், அதற்குள் நான் எதை அடிக்கலாம் என்று வண்ணம் தீட்டி வைத்தேன். அப்படி மனப்பாடம் ஆன ஒன்று பிரையனின் ஸ்னேக் எட்ஜ். கீழே வாரிவிடும் உதை. ஏறக்குறைய அரை விநாடி எடுக்கும் என்பதால் இதைப் பார்த்தே தடுக்கலாம். தடுத்துவிட்டால் எதிராளியை அந்தரத்தில் தூக்கி உயிரில் பாதியைப் பறிக்கலாம். பயிற்சி முறையில் பொம்மை அதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும்படி வைத்தேன். பத்துக்குப் பத்து தடுத்தேன். வேறு இரண்டு அசைவுகளையும் கலந்து வைத்தேன். பத்துக்கு ஆறு. உண்மையான ஆட்டத்தில் பத்துக்கு ஒன்றுகூட இல்லை. அந்த உதை வருவதைப் பார்ப்பேன். அதன் பெயரும் எண்களும் நினைவுக்கு வரும். அதற்குள் விழுந்து கிடப்பேன்.

கீழ்வீட்டில் ஆறு பையன்கள் சேர்ந்து தங்கியிருந்தார்கள். அதில் ஒருவன் தண்ணீர் மோட்டார் போடுவதற்காக மாடிக்கு வந்தபோது டிவியைப் பார்த்து நின்றான். திருவண்ணாமலை பக்கம் ஊர், ஐடிஐ படிப்பு, இருபத்திரண்டு வயது, ஒரகடம் வழித்தடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சியாளன். “மொபைல்ல டெக்கென் 3 ஆடியிருக்கேன்ணா” என்றான். இன்னொரு கன்ட்ரோலரைக் கொடுத்தேன். இரண்டு வாரம் என்னிடம் தோற்றான். அந்த இரண்டு வாரமும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. மூன்றாம் வாரம் அவன் ஜெயிக்கத் தொடங்கினான்.

அவனிடம் எக்செல் கிடையாது. மொத்தம் ஏழெட்டு அசைவுகள்தான் தெரியும். ஆனால் அந்த ஏழெட்டும் தேவைப்பட்ட இடத்தில் பிசகாமல் வந்தன. எப்படிடா என்று கேட்டேன்.

“எங்க கம்பெனில டோஜோன்னு ஒரு ரூம் இருக்குண்ணா. புதுசா வந்தவன லைன்ல விடமாட்டாங்க. அங்கதான் நிக்கணும்.”

டோஜோ என்றால் ஜப்பானில் கராத்தே, ஜூடோ கற்கும் கூடம். வாகனத் தொழிற்சாலைகள் அந்தச் சொல்லைப் பயிற்சி அறைக்கு வைத்துக்கொண்டன. டப்பாவுக்குள் பார்க்காமல் கைவிட்டுச் சரியாக ஐந்து போல்ட் எடுக்க வேண்டும். நாலும் கூடாது, ஆறும் கூடாது. பலகையில் பொருத்தி முறுக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் ஸ்டாப்வாட்சுடன் நிற்பார். இதையே நாள் முழுக்கச் செய்ய வேண்டும். “டோஜோல பாஸ் ஆகி லைன்ல நின்ன மொத நாள் எல்லாமே மறந்துபோச்சுண்ணா. சத்தம், பெல்ட்டு, பக்கத்துல ஆளு. ஒரு வண்டிக்கு ஐம்பத்தெட்டு செகண்ட். மறுபடியும் மொதல்லேர்ந்து.”

பத்துக்கு பத்தும் பத்துக்கு ஒன்றுமில்லாததும் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. பயிற்சியில் வந்தது களத்தில் வராமல் போவது ஒரு கட்டம், அதைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று அவன் எடுத்துக்கொண்டான். நானோ அதை என் அறிவுக்கு நேர்ந்த அநியாயமாகப் பார்த்தேன். புரிந்த பிறகும் ஏன் செய்ய முடியவில்லை? நாலு வருட இன்ஜினியரிங் படிப்பு எனக்குள் சத்தமில்லாமல் விதைத்த நம்பிக்கை அது: புரிந்துவிட்டால் வேலை முடிந்தது, மீதி கைவேலை, அதை யாராவது செய்துகொள்வார்கள். அந்த யாராவது என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து என்னை அடித்துக்கொண்டிருந்தான்.

“நீங்க பாத்துட்டுக் கையெடுக்கிறீங்கண்ணா. பாத்துட்டுக் கையெடுத்தா வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிடும். அப்புறம் எல்லா அடியையும் தடுக்கணும்னு நிக்கிறீங்க. எது அடிக்கடி வருதோ அத மட்டும் எதிர்பாருங்க. மத்தது விழுந்தா விழட்டும்.”

விழட்டும் என்று விடுவதுதான் எனக்கு வரவில்லை. இந்த ஆட்டத்தில் பழிபோட யாரும் இல்லை. கிரிக்கெட்டில் பிட்ச் உண்டு, டீம் உண்டு. சீட்டாட்டத்தில் விழுந்த சீட்டு சரியில்லை எனலாம். இங்கே நான், அவன், ஒரே நீளக் கோடு. ஒருநாள் இரவு, என்னைவிடக் கீழ்நிலை ஆட்டக்காரர் ஒருவர் அதே ஸ்னேக் எட்ஜால் மூன்றாம் முறை வாரிவிட்டபோது எழுந்து போய் ரவுட்டர் வயரைப் பிடுங்கிவிட்டேன். முப்பத்தைந்து வயது ஆள். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். “ஏன்ணா வயர புடுங்குனீங்க?” என்றான். நெட் போய்விட்டது என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு தோற்ற ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். டெக்கென் 8-இல் பழைய ஆட்டத்தை நடுவில் நிறுத்தி, அந்த இடத்திலிருந்து நாமே ஆடிப் பார்க்கும் வசதி இருக்கிறது. பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு முறை அடி வாங்கியதும் பதறி அதே பட்டனை அழுத்தியிருக்கிறேன். எதிராளிகள் என் அசைவுகளைப் படிக்கவில்லை, என் பதற்றத்தைத்தான் படித்திருந்தார்கள். எந்த எக்செல்லிலும் அது இல்லை.

நம்மைப் போன்ற ஊர்களில் இதை முழுதாகக் கற்றவர்கள் யார் என்று தேடியபோது லாகூர் கிடைத்தது. 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஈவோ ஜப்பான் போட்டியில் டெக்கென் 7 பட்டத்தை லாகூர்க்காரரான அர்ஸ்லான் ஆஷ் வென்றார். அந்த ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோவின் இறுதியில் கொரியாவின் நீயை வீழ்த்தினார். கொரியாவும் ஜப்பானும் ஆண்ட ஆட்டம் இது. எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்னதன் சாரம், எங்கள் ஊரில் என் அளவுக்கு ஆடுகிறவர்கள் இன்னும் பலர் உண்டு என்பது. பெருமைப் பேச்சு என்று நினைத்தவர்கள் இருந்திருக்கலாம். 2023 தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் டெக்கென் வேர்ல்ட் டூர் இறுதியை வென்றவர் இன்னொரு பாகிஸ்தானியர், ஆதிஃப் பட். அந்த ஊர்களின் ஆர்கேட் கடைகள்தான் அவர்களின் டோஜோ. பக்கத்தில் தோள் உரசும் எதிராளி, தோற்றால் எழுந்து இடம் விட வேண்டும். அங்கே பிடுங்குவதற்கு வயர் இல்லை.

எனக்கு வயதாகிவிட்டது என்ற சாக்கும் நிலைக்கவில்லை. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 ஒரு பதக்கப் போட்டி. இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் இருவரும் ஆடினார்கள். தங்கம் வென்ற கொரியாவின் கிம் க்வான்-வூவுக்கு வயது 44. கையின் வேகம் மட்டுமே ஆட்டம் என்றால் அந்தப் பதக்கம் ஒரு இருபது வயதுக்காரருக்குப் போயிருக்கும்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி கோவிலுக்கு வரீங்களாண்ணா என்று கூப்பிட்டான். இங்கே பாடலாத்ரி நரசிம்மர் குன்றிலேயே குடைந்து எடுக்கப்பட்டவர். அவரைத் தனியாக வலம் வர முடியாது; சுற்றுவதென்றால் குன்றையே சுற்ற வேண்டும். பின்பக்கம் நடக்கும்போது சொன்னான்: “காண்ட்ராக்ட் முடியுதுண்ணா. ரினியூ பண்ண மாட்டாங்களாம்.” மூன்று வருடம். அவன் இடத்தில் புதுப் பையன்கள் வந்துவிட்டார்கள். இரண்டு வாரமாக அவர்களுக்கு டோஜோவில் போல்ட் எடுக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

அன்று இரவு கடைசியாக ஆடினோம். அவன் பிரையனை எடுத்தான். நாலாவது ரவுண்டில் அவன் கால் தரையோடு சுழன்றது. நான் ஏற்கெனவே குந்தியிருந்தேன். எப்போது குந்தினேன் என்று எனக்கே தெரியாது. பெயரும் எண்களும் பிறகுதான் நினைவுக்கு வந்தன. “ஆங், வந்துடுச்சுண்ணா!” என்று அவன் கத்திய கத்தலில் கீழ்வீட்டுப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த ஆட்டத்திலும் அவன்தான் ஜெயித்தான்.

இப்போது ஓசூரில் வேறொரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். போன மாதம் போன் செய்தான். வேலை எப்படி என்றேன். “அதே வேலைதாண்ணா. ஆனா இங்கயும் டோஜோலேர்ந்துதான் ஆரம்பிக்கணுமாம். பழைய சர்ட்டிஃபிகேட் செல்லாதாம்” என்று சிரித்தான். நான் சம்பாதித்த ரேங்க் எங்கோ ஒரு சர்வரில் பதிவாகியிருக்கிறது. அவன் கை கற்றுக்கொண்டதை எழுதிவைக்க ஒரு இடமும் இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது இங்கேயும் ஒரு நடை வந்துவிட்டுப் போ, கன்ட்ரோலர் இருக்கிறது என்றேன். “இன்னும் வயர புடுங்குறீங்களா?” என்று கேட்டான். இல்லை என்றேன். அது உண்மைதான்.