பிசுக்கு

எள்ளின் நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று என்று புணர்ச்சி இலக்கணம் நடத்தும்போது ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். பழந்தமிழில் நெய் என்ற சொல் பசுவின் நெய்யையும் குறித்தது, வித்துகளின் நெய்யையும் குறித்தது. பாடத்திட்டத்தில் இல்லாத இன்னொரு சொல்லையும் இதனோடு சேர்த்து நடத்த எனக்கு ஆசை உண்டு. பிசுக்கு என்பது அது. பிசின், பிசுபிசுப்பு ஆகியவற்றோடு ஒலியாலும் பொருளாலும் உறவுடைய சொல். எண்ணெய் வழுக்கும், பிசின் ஒட்டும். வழுக்குவது எவ்வாறு ஒட்டுவதாக மாறுகிறது என்பதை அறிய எந்தச் சமையலறைக்குள்ளும் எட்டிப் பார்த்தால் போதும்.

தாளிக்கையில், கறிவேப்பிலையின் ஈரம் காய்ந்த எண்ணெயில் பட்டதும் சட்டென ஆவியாகி வெடிக்கிறது. தெறிக்கும் பெரிய துளிகள் அடுப்புமேடையில் விழுகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெப்பக்காற்றோடு மேலேறி, குளிர்ந்த பரப்பாகப் பார்த்து அமர்கின்றன. குளிர்பதனப் பெட்டியின் உச்சி, பரணில் உள்ள டப்பாக்கள், எக்ஸாஸ்ட் விசிறியின் இறக்கைகள் எல்லாம் அவற்றின் இருப்பிடங்கள். அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் இறுகுகின்றன. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஓவிய வண்ணம் காய்வதும் இதே வினையால்தான். சூரியகாந்தி எண்ணெய் இப்படி இறுகக்கூடியது; தேங்காய் எண்ணெய் எளிதில் இறுகாது. ஆகவே, ஓராண்டுப் பழைய பிசுக்கை எண்ணெய் என்று நினைத்துத் துடைப்பது வீண். அது தூசியைக் குழைத்துப் பூசிய ஒரு வார்னிஷ்.

நம் பாட்டிமார் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் பித்தளையின் களிம்புக்குப் புளியும், எண்ணெய்ச் சட்டிக்குச் சாம்பலும் என்று பிரித்து வைத்திருந்தார்கள். களிம்பு அமிலத்தில் கரையும். கொழுப்போ காரத்துக்குத்தான் இளகும். விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் கொழுப்பைச் சிறிதளவு சோப்பாகவே மாற்றிவிடும். இன்றைய காணொளிகள் சோடா உப்பின் மேல் வினிகரை ஊற்றி, பொங்கும் நுரையைக் காட்டி நம்மை மயக்குகின்றன. காரமும் அமிலமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, எஞ்சுவது பெரும்பாலும் உப்பு கலந்த நீர். நுரைக்கும் ஆரவாரத்துக்கும் மயங்குவது சமையலறையில் மட்டும் நிகழ்வதன்று.

இவையெல்லாம் எனக்குத் தேவைப்பட்டது அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தபோது. அம்மா மன்னார்குடியில் தனியாக இருக்கிறாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேடையைத் துடைத்து, துணியைப் பிழிந்து கொடியில் போட்ட பிறகே படுக்கப்போகிறவள். அறுவை முடிந்து அவள் தம்பி வீட்டில் தங்கியிருந்த வாரத்தில் மன்னார்குடி வீட்டைத் திறந்தேன். மேடை பளிச்சென்றுதான் இருந்தது. தலையை நிமிர்த்தியபோதுதான் மற்றது தெரிந்தது. அடுப்புக்குப் பின்னால் உள்ள வெள்ளை டைல்ஸ் தேன் நிறத்தில் இருந்தது. பருப்பு டப்பாவை எடுத்தால் பலகையும் கூடவே வர முயன்றது. விசிறி இறக்கையில் கம்பளிபோல் தூசி. அவள் துடைக்காமல் விட்டவை அல்ல அவை. அவள் கண்ணுக்கு எட்டாமல் போனவை. பார்வை எவ்வளவு காலமாக, எந்த உயரம் வரை மங்கியிருந்தது என்பதை அந்தச் சுவர் கோடு போட்டுக் காட்டியது. மருத்துவ அறிக்கையில் இல்லாத விவரம் அது.

இன்னும் சில நாட்களில் தெளிந்த கண்ணோடு அவள் இங்கே வந்து நிற்பாள். அவள் முதலில் காணப்போவது இதுவாக இருக்கக்கூடாது என்பதுதான் என் கவலை.

ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்துகொண்டேன். சோடா உப்பைவிடச் சலவைச் சோடா வலுவான காரம். கையுறை இல்லாமல் தொடலாகாது. துணியை நனைத்து டைல்ஸின் மேல் ஒட்டிவைத்து இருபது நிமிடம் காத்திருந்தேன். இவ்வேலையில் பாதி இந்தக் காத்திருப்புதான். காத்திராதவர்கள் கம்பி நாரால் சுரண்டிப் பரப்பைக் கீறிவிடுகிறார்கள். கீறல்களில் அடுத்த பிசுக்கு இன்னும் உறுதியாகக் குடியேறும். விசிறியின் மின்னிணைப்பைத் துண்டித்துக் கழற்றினேன். அதன் இறக்கைகள் அலுமினியம். சலவைச் சோடா அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும் என்பதால் அவற்றுக்கு வெந்நீரும் பாத்திரத் திரவமும் மட்டுமே. வார்னிஷ் பூசிய மரப்பலகைக்கும் காரம் ஆகாது. அதில் சில துளி தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டேன். பழைய எண்ணெயைப் புதிய எண்ணெய் இளக்கியது. பிறகு சோப்பு நீரில் துடைத்து உலர்த்தினேன். இரண்டு பகல் ஆயிற்று. வாளியில் இறங்கிய நீர் டீயின் நிறத்தில் இருந்தது. எத்தனை ஆயிரம் தாளிப்புகளின் எச்சம் அது என்று கணக்கிட முயன்று விட்டுவிட்டேன்.

சமைத்ததற்குச் சாப்பிட்டவர்கள் சாட்சி. துடைத்ததற்குச் சாட்சி கிடையாது. துடைக்காமல் போனால்தான் அப்படி ஒரு வேலை இருந்ததே தெரியவருகிறது. ஐம்பது ஆண்டுகள் அம்மா செய்துவந்த வேலை என் பார்வையில் பட்டது, அவளால் அது முடியாமல் போன இடத்தில்தான்.

கறுப்புக் கண்ணாடியோடு வந்த அம்மா நேரே சமையலறைக்குத்தான் போனாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரை வெகுநேரம் பார்த்தாள். முதிர்ந்த புரை பழுப்பு வடிகட்டிபோல் நிறங்களை மாற்றிக் காட்டும். அதை நீக்கியபின் வெள்ளை சற்று நீலம் பாய்ந்ததுபோலத் தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“டைல்ஸை மாத்திட்டியாடி?” என்றாள்.

“இல்லம்மா. எல்லாம் புது லென்ஸ்தான்” என்றேன்.