மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே

காலை ஐந்தரைக்குத் தைராய்டு மாத்திரை, ஆறேகாலுக்குக் காபி. ஆக்லாந்தின் பிளாட் புஷ் வீட்டில் பதினோரு வருஷமாக நான் காக்கும் விரதம் இது. தைராக்சினும் காபியும் ஒன்றாக உள்ளே போனால் மருந்து குடலில் சரியாகச் சேராது. அதனால் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தபடி, வாசனையை மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இத்தனை ஒழுங்காக இருந்தும் இரண்டு வருஷமாக ஒரே அசதி. மருந்து போதவில்லை என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்த அளவு ஏறும், டோஸைக் கூட்டுவார்கள், மறுபடி ஏறும். பாரி கர்ட்டிஸ் பூங்காவில் என்னோடு நடக்கும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் புலம்பினேன். "நீர் இன்னும் உந்தக் கெமிக்கல் குளிசையைத்தானே போடுறீர்? இயற்கையா ஒண்டு இருக்காம், கேட்டுப் பாரும்" என்றார்.

இயற்கை! கீழாநெல்லிக்கும் நிலவேம்புக்கும் பழகிய மனசு உடனே சாய்ந்துவிட்டது. விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அது பன்றியின் தைராய்டைக் காயவைத்து அரைத்த பொடி. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத அம்மாவுக்குப் பிறந்தவள் நான்.

சிரிப்பு அடங்கியதும் நிதானமாகப் படித்தேன். 1891-இல் ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கில மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்மணிக்கு ஊசியில் ஏற்றினார். அந்த வைத்தியத்தில் அந்தப் பெண்மணி இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்தார். ஆகவே விலங்குச் சுரப்பியை ஏளனம் செய்ய வழியில்லை. 1914-இல், கிறிஸ்துமஸ் அன்று, எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1927-இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்தார்கள். என் கழுத்தில் ஊற வேண்டிய மூலக்கூறும் தொழிற்சாலை மாத்திரையில் இருப்பதும் ஒன்றேதான். பன்றிப் பொடியிலோ டி4 என்ற தைராக்சின், டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன் இரண்டும் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று. மனிதச் சுரப்பியில் டி3 அதைவிட வெகு குறைவு. அது பன்றிக்கு இயற்கை, எனக்கு?

ஆனாலும் அக்கா சொன்னதை முழுசாகத் தள்ள முடியவில்லை. 2013-இல் அமெரிக்காவில் எழுபது பேருக்கு எது எது என்று சொல்லாமல் பொடியையும் தைராக்சின் மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 34 பேர் பொடியே மேல் என்றார்கள், 13 பேர் மாத்திரை என்றார்கள், மீதிப் பேருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மொத்தமாகப் பார்த்தால் அறிகுறிகளில் பெரிய வேறுபாடு இல்லை. நியூசிலாந்தில் அந்தப் பொடிக்கு அரசு மானியமும் இல்லை.

இந்த ஊரிலேயே ஒரு கதை உண்டு. 2007-இல் இங்கே மானியத்தில் கிடைத்த ஒரே தைராக்சின் மாத்திரையான எல்ட்ராக்சினின் தயாரிப்பு கனடாவிலிருந்து ஜெர்மனிக்குப் போனது. மருந்து அதே மருந்துதான். சேர்மானங்களும் தோற்றமும் மாறின. முப்பது வருஷத்தில் பதினான்கே பக்கவிளைவுப் புகார்கள் வந்த மாத்திரைக்கு, அடுத்த பதினெட்டு மாதத்தில் ஆயிரத்து நானூறுக்கு மேல் வந்து குவிந்தன. ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பற்றி 2009-இல் எழுதினார்கள்: மாத்திரையில் குறை தெரியவில்லை, ஊடகங்களில் செய்தி அதிகமாக வந்த இடங்களில் புகாரும் அதிகம். படித்தபோது எனக்கு அந்த ஜனங்கள் மேல் கோபம் வரவில்லை. தினமும் வெறும் வயிற்றில் நம்பி விழுங்குகிற ஒன்று, யாரும் சரியாக விளக்காமலே முகம் மாறி வந்தால், நம்முடைய ஒவ்வொரு தலைவலிக்கும் அதன் மேல்தான் சந்தேகம் வரும்.

என் சந்தேகமும் அப்படி மாத்திரை மேல்தான் விழுந்திருந்தது. பொடியைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா பதில் சொல்லாமல், "காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன வாயில் போடுகிறீர்கள்? வரிசையாகச் சொல்லுங்கள்" என்றார். மாத்திரை, முக்கால் மணி கழித்துக் காபி, இட்லி... "ம், அப்புறம்?" எலும்புக்காக ஒரு கால்சியம் மாத்திரை. இரண்டு வருஷமாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கால்சியத்துக்கும் தைராக்சினுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். காபியை வாசலில் நிறுத்திவிட்டு, கால்சியத்தைக் கொல்லைப்புறமாக நானே உள்ளே விட்டிருக்கிறேன்.

கால்சியம் இப்போது இரவுச் சாப்பாட்டோடு போகிறது. அடுத்த டி.எஸ்.எச். இறங்கி வந்தது. அக்காவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நடந்தவர், "என்ர இரும்புக் குளிசையையும் நான் விடியத் தைராய்டுக் குளிசையோடதான் போடுறனான்" என்றார்.