பூம்பாறைப் பூண்டு

கொடைக்கானல் போனால் ஏரி, தூண் பாறை என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். இந்தத் தடவை என்னவர், "பூம்பாறை போய்க் குழந்தை வேலப்பரைப் பார்த்துட்டு வரலாமே" என்றார். சுமார் 20 கிலோமீட்டர் மலைப்பாதை. படிப்படியாய் வயல்கள், நடுவே ஊர். கோயிலை விட்டு வெளியே வந்தால் எங்கும் பூண்டு வாசனைதான்! 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டாச்சே. தாளோடு கட்டி, புகை மூட்டத்தில் தொங்கவிட்டுப் பதப்படுத்துகிறார்கள். ஒரு பல்லைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணா, தினம் பத்துப் பல் பச்சையா முழுங்கு. மாத்திரையே வேண்டாம்" என்றாள் கூட வந்த நாத்தனார். இரண்டு வருஷத்துக்கு முன்புதான் அவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. அவரும் தலையாட்டினாரே பார்க்கலாம், எனக்குத் திக்கென்றது.

ஊர் திரும்பியதும் டாக்டரிடம் கேட்டேன். பூண்டு கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். மாத்திரைக்கு ஈடாகாது என்றார். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பச்சைப்பூண்டை அள்ளி விழுங்கினால் ரத்தக்கசிவுகூட வரலாமாம். குழம்பு, ரசத்தில் போடுவதில் தவறில்லை.

பூண்டை நசுக்கினால்தான் அல்லிசின் என்ற பொருள் உண்டாகிறது. அதனால் நசுக்கிப் பத்து நிமிஷம் வைத்திருந்து பிறகு ரசத்தில் போடுகிறேன். வாங்கி வந்த இரண்டு கிலோவும் சமையலறை ஜன்னலில் தொங்குகிறது. மாத்திரை டப்பாவை மட்டும் நானே வைத்துக்கொண்டு எண்ணிக் கொடுக்கிறேன்.